பெயிண்ட் டப்பாவில் ஒரு நிலா

ரெக்சினும் ஒட்டுப்பசையும் கலந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஒன்பது வயதாகிவிடுகிறது. தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அதற்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப்போனால், வாப்பாவின் பை தைக்கும் பட்டறை. தைத்த பைகள் சப்பிப்போகாமல் நிற்க அவற்றுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பதற்குப் "பேப்பர் அடைக்கிறது" என்று பெயர். பள்ளி விட்டு வந்ததும் எனக்கும் தங்கை ஜமீலாவுக்கும் அதுதான் வேலை. அவளுக்கு ஐந்து வயது. அடைப்பதைவிடக் கிழிப்பதுதான் அதிகம்.

நான் சுத்த வேலைக்கள்ளி. தமிழ்த்தாள் கிடைத்தால் படிக்காமல் கசக்கமாட்டேன். அப்படித்தான் ஒரு மழைக்காலத்தில், வியாழன் கிரகத்தைச் சுற்றும் ஒரு நிலாவைப் பற்றிய பாதித்தாள் கைக்கு வந்தது. அதன் மேலெல்லாம் பனிக்கட்டியாம், பனிக்குக் கீழே பெரிய கடல் இருக்கலாமாம், நீர் இருக்கிற இடத்தில் உயிரும் இருக்கலாமாம். அதற்கு மேல் கிழிந்திருந்தது. கிழித்தது யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீர்தான் வேண்டுமென்றால் நாமே செய்து பார்க்கலாமே என்று தோன்றிவிட்டது. காலையில் கொஞ்ச நேரம் வரும் குழாய்த்தண்ணீரை "டிரம்"மில் பிடித்து அன்றைக்கு முழுக்க ஓட்டும் வீட்டில், விளையாட்டுக்கென்று ஒரு சொம்பு கேட்டால் உம்மா தோலை உரித்துவிடுவாள். அதனால் குளிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து, காலி பெயிண்ட் டப்பாவில் ஊற்றி, வெள்ளை ரெக்சின் துண்டு ஒன்றைப் பனிக்கட்டியாக மேலே போர்த்தி, எட்டிப் பார்க்க ஓரத்தில் இடைவெளி விட்டு, ஏணிக்கடியில் ஒளித்து வைத்தேன்.

ஒரு வாரத்தில் உயிர் வந்துவிட்டது. சின்னச் சின்னதாக நெளிந்து மேலே வந்தன, எங்கள் நிழல் பட்டதும் சட்டென்று கீழே போயின. அவ்வளவு பெருமை அதற்குப் பிறகு எனக்கு எதிலும் வந்ததில்லை. ஜமீலாவுக்கு மட்டும் காட்டினேன். தினமும் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து கிடப்போம்.

"லாத்தா, இதுங்க நம்மளப் பாக்குமா?" என்று கேட்டாள்.

"பாக்கும். அதுங்களுக்கு நாமதான் வேற கிரகம்," என்றேன்.

கொசு அடித்துப் பழகிய கைதான். ஆனால் கொசு தண்ணீரில் புழுவாகத்தான் பிறக்கிறது என்பது எனக்குத் தெரியாது.

பிறகு ஜமீலாவுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் எங்கள் சந்தில் பல வீடுகளில் காய்ச்சல். டெங்கு என்றார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஆறாம் நாள் மத்தியானம் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நான் அழவில்லை. மரத்துப் போயிருந்தேன், இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மாநகராட்சி ஆட்கள் வந்து வீடுவீடாக டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு டிரம்மில் அதே நெளிவைக் காட்டி, டெங்குக் கொசு இதிலிருந்துதான் வருகிறது என்று இந்தியில் அதட்டினார்கள். நான் ஏணிக்கடிக்கு ஓடினேன். டப்பா காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. அவர்கள்தான் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தங்கையைக் கொன்றது நான்தான் என்பதை இருபது வருஷத்துக்கு மேலாக யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது ஐரோலியில் இருக்கிறோம். குழாயைத் திருப்பினால் எந்நேரமும் தண்ணீர். அந்த அறையும் பட்டறையும் இல்லை, வாப்பாவும் இல்லை. ஜமீலாவை ஒரு போட்டோகூட எடுத்து வைக்காததால் அவள் முகமும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. போன மாதம் டிவியில், அந்த நிலாவை ஆராய ஒரு விண்கலம் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். என்ன நினைத்தேனோ, டப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உம்மா நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும் புள்ள. அவளுக்குக் காய்ச்ச வாரதுக்கு முந்தியே பாத்துட்டேன். புழு நெளியுறதையும் பாத்தேன். ரெண்டு பேரும் குனிஞ்சு கெடந்து அப்படிச் சிரிச்சிய. கொட்ட மனசு வரல. அவ மவுத்தான அன்னைக்குத்தான் கொட்டுனேன்."

அவள் மடியிலிருந்து பாதிப் பூண்டை எடுத்து நானும் உரிக்க ஆரம்பித்தேன்.