சின்னமனூர்ச் சாலையில் தோல் கோட்டு

சித்திரை வெயிலில் சின்னமனூர் தாண்டி, கப்பிச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறேன். கம்பத்தில் மகளுக்குப் பிரசவ வலி என்று ஒரு விவசாயி கைகாட்டி ஏறிக்கொள்கிறார். அவர் முழுதாகப் போய்ச் சேர வேண்டுமே என்று என் தோல் கோட்டை அவருக்கு மாட்டிவிடுகிறேன்.

“அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு, தம்பி. கழட்டிரவா?”

“வேண்டாங்கய்யா. விழுந்தா அதுதான் காப்பாத்தும்.”

உத்தமபாளையம் அருகே மணலில் சக்கரம் வழுக்கி இருவரும் விழுகிறோம். என் முழங்கை தோலுரிந்து எரிகிறது. அவர் எழுந்து, கிழிந்த கோட்டுக்குள் கையை நீட்டி மடக்கிப் பார்க்கிறார். கீறல்கூட இல்லை. தலைத்துண்டை அவிழ்த்து என் முழங்கையில் கட்டுகிறார்.

இனி நடந்தே போய்விடுவார் என்று நினைக்கிறேன். அவரோ வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார்.

“வலி தாங்குமா தம்பி? அப்பக் கெளம்புங்க. பேரப்புள்ள பெறந்திருக்கும்.”

கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை அவரே போட்டுக்கொள்கிறார்.