மீன்தொட்டிக்கு முட்டுக்கொடுத்த சம்பா மூட்டைகள்

கஹவத்தை பஜாரில் ஒரு மளிகைக் கடையின் மாடிப் பலகைத் தரை நடுவில் தொய்ந்துவிட்டது. மேலே மீன்தொட்டி, கீழே கடையும் சனமும். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என்னைப் போன்ற தச்சு மேஸ்திரிக்கு, ஊர்ப் பேச்சில் பாஸுக்கு, மரம் அறுப்பது சுலபம். கேட்காத ஆளிடம் சொன்னதையே சொல்வதுதான் வேலை. உளி பிடித்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நட்டநடுவில்

முதலாளி மேலே கூட்டிப்போய் மீன்தொட்டி வைக்கப்போகிற இடத்தைக் காட்டினார். அறைக்கு நட்டநடு. கீழே காசு போடுகிற மேசை இழுப்பறை, அந்த லாச்சி இருக்கிற இடத்துக்கு நேர் மேலே தண்ணீர் நின்றால் வியாபாரம் பெருகும் என்று சாத்திரக்காரர் சொன்னாராம். தொட்டியை நிரப்பினால் ஐந்து அரிசி மூட்டை எடை வரும். தரையைத் தாங்கும் சட்டங்கள் பலாதான், ஆனால் மெலிசு. சுவருக்குள் போகிற முனை ஒன்றில் கறையான் வேறு.

சுவரோரமாக, சட்டங்களுக்குக் குறுக்கே வையுங்கள்; இல்லாவிட்டால் கீழே ஒரு தூண் நிறுத்துகிறேன் என்றேன். தூண் லாச்சியை மறைக்குமாம். சுவரோரம் போனால் சாத்திரம் பிசகுமாம். பூசைக்கு ஊரே மேலே உட்கார்ந்து சாப்பிட்டதே என்றார். சாப்பிட்டவர்கள் எழுந்து போனார்கள், தண்ணீர் இராப்பகலாக அங்கேயே நிற்கும் என்றேன். அவர் சிரித்தார்.

“இத்தனூண்டு மீனு, பாஸ். அது என்னா கல்லையா திங்குது?”

சாத்த முடியாத கதவு

தொட்டியை நட்டநடுவிலேயே வைத்து நிரப்பிய கொஞ்ச நாளில் மாடிக் கதவு பிடிக்கிறது, இழைத்துக் கொடு என்று ஆள் அனுப்பினார். போனேன். கதவில் குற்றமில்லை, தரை இறங்கியிருந்தது. கீழே வந்து பார்த்தால், தொட்டிக்கு நேர் கீழே, லாச்சிக்குப் பின்னால், சம்பா மூட்டைகளைக் மாடிப் பலகை வரைக்கும் அடுக்கி முட்டுக்கொடுத்திருந்தார். கிலோக் கணக்கில் விற்கிற சாமான் முட்டாகாது என்றேன். கதவையும் இழைக்கவில்லை.

“அந்த அடுக்க யாரு விக்கப் போறா? நீங்க கேட்ட தூணுதான், பாஸ்.”

சம்பள நாள்

தோட்டத்துச் சனம் பையோடு வந்து நின்றது. மற்ற சம்பா எல்லாம் முடிந்துவிட்டது. ஆணி வாங்கப் போன நானும் உள்ளே மாட்டிக்கொண்டேன். சம்பா இல்லை என்றார் முதலாளி. முன்னால் நின்ற ரப்பர் பால்வெட்டுக்காரி அடுக்கைக் காட்டினாள். அது விற்கிறதுக்கில்லை என்றார். அப்படியானால் யாருக்கு என்று கேட்டாள். நான் சொன்னேன்: அதில் ஒரு மூட்டையை உருவினால் மேலே இருக்கிற தொட்டி நம் தலையில்.

அண்ணாந்து பார்த்தாள். கூட வந்தவர்களை வெளியே போகச் சொன்னாள். அடுத்த கடைக்கு அல்ல, வாசலில் உட்கார. ஒருத்தரும் உள்ளே நுழைய முடியாதபடி உட்கார்ந்தார்கள். முதலாளி கெஞ்சினார், அதட்டினார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆணியை எண்ணினேன். வாசலில் இருந்து அவள்தான் சொன்னாள்.

“நாங்க அரிசி வாங்க வந்தோம், ஒங்க மீனுக்குக் கீழ சாக வரல்ல. மொதல்ல தண்ணிய எறக்குங்க. பொறகு மூட்டைய எறக்கலாம்.”

முதலாளி வாளியை எடுத்துக்கொண்டு தானே மாடி ஏறினார். மீன்கள் பின்பக்கத்துச் சீமெந்துத் தொட்டிக்குப் போயின. தண்ணீர் முழுக்க இறங்கிய பிறகுதான் அவள் உள்ளே வந்தாள். முதலாளி முதல் மூட்டையை அவிழ்த்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அரிசியை நிறுத்தார்.

“ரொம்ப நாளா அடுக்கிக் கெடந்த அரிசி, மொதலாளி. வண்டு இருக்கும், பாத்து அள்ளுங்க.”

தொட்டி பிறகு சுவரோரம் போனது, தூக்கி வைத்தவன் நான்தான். ஆனால் பாஸ் சொல்லியும் அசையாமல் சாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற முதலாளியை அசைத்தவள் அந்தப் பால்வெட்டுக்காரி மாரியாயி.