கூட்டிவிட்டுப் போன இடம்

புக்கிட் பெருந்துங் மண்டபத்தில், வணிகப் பூங்கா வரப்போகும் நிலத்தைப் பற்றிய சுற்றுச்சூழல் அறிக்கையை இரண்டு மணி நேரமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ ஈர்க்குமாற்றால் வாசல் கூட்டும் சத்தம் கேட்டது.

அந்த நிலத்தில்தான் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தது. மலாயாவில் வெள்ளைக்காரர்கள் கம்யூனிஸ்டுகளோடு போரிட்ட அவசரகாலத்தில், காட்டிலிருந்தவர்களுக்கு நாங்கள் உதவக்கூடாதென்று அதை இடித்து, எங்களை முள்வேலிக்குள் குடிவைக்க உத்தரவு வந்தது. லோரி வந்து நின்ற பிறகும் அம்மா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“இடிக்கப்போற வீட்ட எதுக்குக் கூட்டுற?” என்றார் அப்பா.

“குப்பையாப் போட்டுட்டுப் போயிட்டாங்கன்னு நாளைக்கு எவனும் சொல்லக்கூடாது.”

அடுப்புச் சாம்பல், உடைந்த சட்டி, என் ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் வாரி ஆற்றில் கொட்டிவிட்டுத்தான் லோரியில் ஏறினாள்.

“இந்த இடத்தில் மனிதர்கள் வாழ்ந்த தடயம் எதுவும் இல்லை” என்று வாசித்து முடித்த அதிகாரி, “யாராச்சும் ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டார்.

கையைத் தூக்கினேன். காட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. அம்மா எதையும் விட்டுவைக்கவில்லை.