வெடித்துக்கொண்டு வந்த கல்யாண வண்டி

சுற்றும் சக்கரத்தை நிற்பதுபோல் காட்டும் விளக்கைப் பிடித்து, கார் என்ஜினில் தீப்பொறி உரிய கணத்தில் விழுகிறதா என்று பார்ப்பதே மூலக்குளத்தில் எங்கள் பட்டறையில் என் வேலை. பழைய கார் வைத்துப் பாடுபடும் அன்பர்களே, நீங்களாவது இதை நம்புவீர்கள்.

சம்பந்தியின் நிபந்தனை

உழவர்கரை கோவிந்தராசுவின் கார், ஆயுதபூசைக்குப் பிறகு, தெருவுக்கு ஒருமுறை சைலன்சர் வழியே வெடித்தது. வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குத் திருமணம். மணப்பெண் இவ்வண்டியில்தான் மண்டபத்துக்கு வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற சம்பந்தியோ, ஒருநாள் அதில் ஏறி, பாதி வழியில் இறங்கிக்கொண்டார்.

"முசியே, எங்க ரெஜிமெண்ட்லகூட இவ்ளோ வெடிச்சதில்ல. இன்னும் ஒரு சத்தம் கேட்டா நான் வேற வண்டி சொல்லிடுவேன்!"

போர்வைக்குள்

நானும் என் கணவரும் கோவிந்தராசுவின் வீட்டு வாசலிலேயே வண்டியைப் பார்த்தோம்; வெயிலில் எங்கள் விளக்கின் மின்னல் தெரியாது. ஆகவே கோவிந்தராசுவின் மனைவி செல்வி, என் தலைக்கும் என்ஜினுக்கும் மேலாகப் பூப்போட்ட போர்வை ஒன்றை உயர்த்திப் பிடித்தார். உள்ளே பளிச், பளிச் என்றது. எதிர்வீட்டு அம்மாள் இறங்கியே வந்துவிட்டார்.

"இன்னாங்க, வண்டிக்கு ஸ்கேனா? ஆணா பொண்ணான்னு சொல்லக் கூடாதாமே!"

மங்கலக் குறி

என்ஜினின் முன்னால் சுழலும் புல்லிச் சக்கரத்தின் குறி, நிற்க வேண்டிய எண்ணுக்கு நேராக நின்றது. பூசைக்குப் பின், நான் ஊரில் இல்லாத நாளில், இவ்வண்டிக்குத் தனியே தீப்பொறியின் டைமிங் வைத்த என் கணவர் பெருமையோடு என்னைப் பார்த்தார். எனக்கு அந்தக் குறியின் நிறம் உறுத்தியது. என்ஜினை நிறுத்திக் குனிந்து பார்த்தேன்: சந்தனம், நடுவில் குங்குமம். உண்மையான வெட்டுக்குறி ஒரு விரல் தள்ளி, கிரீசுக்கு அடியில் கிடந்தது. பூசையன்று செல்வி வைத்த பொட்டுக்குத்தான் என் கணவர் டைமிங் வைத்திருக்கிறார்.

"சக்கரம்னா எல்லாத்துக்கும் வைக்கணும்ல? நாலுக்கு மட்டும் வச்சா இது கோவிச்சிக்காது?" என்றார் செல்வி.

முந்தி ஓடுவது

சரியான குறியில் சுண்ணாம்பு தடவி, டைமிங்கைத் திருத்தினோம். பின்னர் ஆக்சிலேட்டரைக் கூட்டச் சொன்னேன், குறி நகர்ந்தது. கோவிந்தராசு பதறினார். வேகம் கூடினால் தீப்பொறி முந்தத்தான் வேண்டும், முந்தாவிட்டால்தான் கோளாறு என்று விளக்கினேன்.

"முந்தட்டும்மா. எங்க சம்பந்தி மாதிரி பாதி வழியில எறங்காம இருந்தா சரி."

வெள்ளிக்கிழமை

வண்டி மண்டபத்துக்கு அரவமே இல்லாமல் வந்து நின்றது. மணப்பெண் இறங்கி வாசலில் நின்றாள். ஆரத்தி இல்லை, மேளம் இல்லை. எல்லாரும் உள்ளே டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரரிடம் சீறினார் சம்பந்தி. வாத்தியக்காரர் வாயில் வடையோடு எழுந்தார்.

"டமார்னு கேட்டா பொண்ணு வந்துட்டான்னு அர்த்தம், உடனே வாசின்னு நீங்கதானேங்க சொன்னீங்க!"

அன்று அந்த மண்டபத்தில் உரிய நேரத்தில் நிகழ்ந்தது, அந்த வண்டியின் தீப்பொறி ஒன்றுதான்.