எட்டு வரி அழகுமுத்து

கலர்க்கண்ணாடி என்ற குழுவின் பாட்டு ஒவ்வொன்றும் நான்கு நிமிஷம் ஓடும். அதில் அழகுமுத்துவின் பங்கு எட்டு வரி. மற்ற மூன்று பேரும் கண்ணை மூடி, நெஞ்சில் கை வைத்து, காதலில் உருகி முடித்ததும் தாளம் மட்டும் தனியாகத் தட்டும். அப்போது அழகுமுத்து முன்னால் வந்து மூச்சுவிடாமல் அரை நிமிஷம் பேசுவான். பாடுவான் என்று சொன்னால் அது கொஞ்சம் மிகை. ஆனால் 2002, 2003 ஆம் ஆண்டுகளில் இலங்கை மலைநாட்டு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால், அந்த உருகலில் ஒரு வரிகூடத் தெரியாது. இந்த எட்டு வரியை மட்டும் தலைகீழாக ஒப்பிப்பார்கள்.

அந்த வேகம் அவனுக்கு ரயிலில் வந்தது. றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன் அவன். அப்பா பழனியாண்டி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா அம்மாக்கண்ணு கொழுந்து எடுத்து வளர்த்தாள். மகனுக்குப் படிப்பு ஏறவில்லை. தொண்ணூற்றெட்டில் ஹட்டனுக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையே ரயிலில் வடை விற்கக் கிளம்பினான். ரயில் வடைக்காரனுக்கு ஒரு பெட்டியில் கிடைப்பது ஒரு நிமிஷம். அதற்குள் தமிழில் கூவ வேண்டும், சிங்களத்தில் விலை சொல்ல வேண்டும், வெள்ளைக்காரரைக் கண்டால் அவர் பாஷையிலும் நாலு வார்த்தை எடுத்துவிட வேண்டும். அழகுமுத்து மூன்றையும் ஒரே மூச்சில் கோத்து, ரயிலின் தடதடப்புக்குச் சரியாக விழும்படி சொல்வான். பசியில்லாதவர்கள்கூட, இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்கினார்கள்.

இரண்டாயிரத்தில் அம்மாக்கண்ணுவின் கண் மங்கியது. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பறித்துக் கூடையில் போட, தோட்டத்தில் அவளை ஓய்வில் அனுப்பிவிட்டார்கள். லயத்தில் ஒரு சட்டம் உண்டு. காம்பரா என்ற ஒற்றை அறையில் குடியிருப்பவர்களில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். பேர் இல்லையென்றால் காம்பரா இல்லை. மூன்று தலைமுறை இருந்தோம், இந்த மலையை நாங்கள்தான் உண்டாக்கினோம் என்ற பேச்செல்லாம் அங்கே செல்லாது. ஆகவே அழகுமுத்து வடைக் கூடையை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்தான். வளர்ந்துபோன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடும் வேலை அது. ஓர் ஆளுக்கு இத்தனை செடி என்று கணக்கு.

இரண்டாயிரத்தொன்றில் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உமாசுதன் அவனைப் பிடித்தான். கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பையன். கீபோர்டு வாசிப்பான், பாட்டுக் குழு ஒன்று சேர்த்துக்கொண்டிருந்தான். நண்பர்களோடு நுவரெலியாவுக்கு வந்தவன் வடைக் கூவலைக் கேட்டு ஆடிப்போய்விட்டான்.

“அண்ணை, இதுக்குள்ள எங்க மூச்சு எடுக்கிறீங்கள்?”

“அடுத்த பெட்டிக்குப் போறப்பதாங்க” என்றான் அழகுமுத்து.

அடுத்த வருஷம் சண்டை ஓய்ந்து, பாதைகள் திறந்து, ஊரெல்லாம் பாட்டும் கூத்துமாக இருந்த நேரத்தில் கலர்க்கண்ணாடியின் முதல் கசெட் வந்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ரயிலேறி, திங்கட்கிழமை விடியும்போது திரும்பி வந்து பெரட்டுக்களத்தில் நின்றுவிடுவான் அழகுமுத்து. பெரட்டு என்பது காலையில் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது. அதையே எட்டு வரியாக்கியிருந்தான். அதில் மூன்று வரி இப்படி:

ஆறு மணி, அடர்ந்த பனி, ஆள வரச் சொல்லுது சங்கு,
பேரு கேட்டா இருக்கேன்னு ஒத்தச் சத்தம் நீ கொடு,
பேரிருந்தா வீடிருக்கும், பேரு போனா ரோடு!

காதல் பாட்டுக்கு நடுவில் இது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. தாளம் நன்றாக இருந்தது.

வினை ஒரு புதன்கிழமை வந்தது. டிவியில் காலை நேர நிகழ்ச்சிக்கு நான்கு பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். நேரடி ஒளிபரப்பு, ஏழேகால் மணிக்கு. லீவு கேட்க வேண்டும் என்றால் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை கேட்கப் பயந்து, பக்கத்துக் காம்பரா வீரய்யாவிடம் போனான்.

“ஒரு நாளைக்கு எம்பேருக்கும் சேத்து ஒரு சத்தம் குடுத்துருடா.”

“செடி?”

“அதுதான்டா...”

“சரி போ. வெட்டிப்புடுறேன்.”

வீரய்யா அப்படிப்பட்ட ஆள். அண்ணன் வீட்டோடு ஒண்டியிருந்தான். ஒரே காம்பராவில் ஒன்பது பேர். மீனம்மாவை நிச்சயம் பண்ணி இரண்டு வருஷம் ஆகியும், கூட்டிவர இடமில்லாமல் கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. அந்தக் கவலையை அவன் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அன்று நல்ல பனி. எல்லோரும் தலையில் சாக்கை மடித்துப் போட்டிருந்ததால் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. பேர் கூப்பிட்டவர் கண்டாக்கு தம்பிராசா. யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து வேலைகளுக்கெல்லாம் பொறுப்பானவர். “வீரய்யா” என்றார். “இருக்கேங்க” என்று முன்வரிசையில் ஒரு சத்தம். “அழகுமுத்து” என்றார். “இருக்கேங்க” என்று பின்வரிசையில் கொஞ்சம் கட்டைக் குரலில் இன்னொரு சத்தம். இடையில் ஆட்களைச் சுற்றி ஓடியதில் வீரய்யாவுக்கு மூச்சு வாங்கியது. கண்டாக்கு இரண்டு பேருக்கும் குறி போட்டுவிட்டு, தேத்தண்ணி குடிக்க வீட்டுக்குப் போனார்.

வீட்டில் அவர் மகள் யசோதினி டிவி முன்னால் குதித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, ஓடி வாங்கோ! எங்கட தோட்டத்து அழகுமுத்து!”

கண்டாக்கு பார்த்தார். திரையின் மூலையில் ‘நேரலை’ என்று எழுதியிருந்தது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை நீட்டி நீட்டி, பேரு கேட்டா இருக்கேன்னு ஒத்தச் சத்தம் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான் அழகுமுத்து.

“இவன் இப்ப கவ்வாத்து மலையிலயெல்லோ நிக்கிறான்!” என்றார் கண்டாக்கு.

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மலைக்கு ஏறினார். அங்கே வீரய்யா சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு நிரையை ஒருசேர வெட்டிக்கொண்டிருந்தான். கண்டாக்குவைக் கண்டதும் கத்தி கையிலேயே நின்றது.

“அவன் செடியும் முடிஞ்சிருங்க ஐயா. ஒண்ணும் கொறையாது” என்றான்.

கண்டாக்கு அவனைத் திட்டவில்லை. திட்ட வேண்டியவன் ஊரில் இல்லையே.

மறுநாள் அழகுமுத்து வந்து சேர்ந்தபோது தோட்டமே அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு காம்பராவுக்குள் நுழைந்தான். பையில் உமாசுதன் கொடுத்த கடிதம் வேறு. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள், மூன்று மாதப் பயணம். போனால் இங்கே பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால், கண் தெரியாத அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது? கந்தப்பளையில் கட்டிக்கொடுத்த அக்காள் வீட்டில் மாமியார், நாத்தனார் என்று ஏற்கெனவே ஏழு பேர். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழி தெரியவில்லை. பயணத்தை விட்டுவிடுவது என்று முடிவுகட்டிக்கொண்டு, மன்னிப்புக் கேட்க ஆபீசுக்குப் போனான். அம்மாக்கண்ணுவும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

“தொரையிட்ட நான் இதைச் சொல்லேல்ல” என்றார் தம்பிராசா. துரை என்பது தோட்டத்து மேனேஜர். “ஆனா ஒரு ஆள் ரெண்டு இடத்தில நிக்கேலாது தம்பி. இங்கயோ அங்கயோ, நீதான் சொல்லோணும்.”

அழகுமுத்து வாயைத் திறப்பதற்குள் அம்மாக்கண்ணு முந்திக்கொண்டாள்.

“அவன் பேர வெட்டிருங்க ஐயா. காம்பராவ வீரய்யா பேருல எழுதுங்க. பாவம், பொண்ண நிச்சயம் பண்ணிட்டு எடமில்லாம நிக்கிறான். நான் அடுப்படிப் பக்கம் ஒரு மூலையில கெடந்துக்குறேன்.”

“அம்மா!” என்றான் அழகுமுத்து.

“நீ சும்மா இருடா. ஊரெல்லாம் கேக்குற வாயி, செடி வெட்டறதுக்கா?”

வெளியே வந்ததும் அழகுமுத்து அழுதுவிட்டான். மஞ்சள் கண்ணாடி பையில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டான்.

காம்பரா வீரய்யா பேருக்கு மாறியது. அடுத்த தை மாதம் மீனம்மா வந்தாள். கலர்க்கண்ணாடி பறந்தது. பனியில் நின்று எடுத்த படம் ஒன்று லயத்துக்கு வந்தது. அம்மாக்கண்ணு அதைத் தடவிப் பார்த்து, “குளுருமே, தொப்பி போட்டிருக்கானா?” என்று மீனம்மாவிடம் கேட்டாள். இரண்டாவது கசெட் சுமாராகப் போனது, மூன்றாவது போகவே இல்லை. இரண்டாயிரத்தாறில் சண்டை மறுபடியும் மூண்டதும் மேடைகள் நின்றன. உமாசுதன் கனடாவில் தங்கிவிட்டான். ஒருவன் வங்கியில் சேர்ந்தான், மற்றவன் என்ன ஆனான் என்று தெரியாது. அழகுமுத்துவுக்கு மட்டும் அதே மூச்சு சோறு போட்டது. ரேடியோ விளம்பரங்களின் முடிவில், நிபந்தனைகள் பொருந்தும், கையிருப்பு உள்ளவரை மட்டும் என்று யாருக்கும் விளங்காத வேகத்தில் ஒரு குரல் வருமே, அது இரண்டு வருஷம் அவன் குரல்தான். பிறகு அதுவும் நின்றது. கொழும்பில் சந்திக்குச் சந்தி ராணுவத்துக்கு அடையாள அட்டையைக் காட்டி அலுத்துப்போய், இரண்டாயிரத்தெட்டில் ஊருக்கு வந்தான்.

வீரய்யாவும் மீனம்மாவும் அவனைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. பிறந்த காம்பராவில் அவனுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார்கள். விருந்தாளிக்கு என்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பையில், தட்டு வைத்துத் தேத்தண்ணி தந்தார்கள். அம்மாகூட, “ஒக்காருப்பா, பயணம் வந்தது அலுப்பா இருக்கும்” என்றாள். வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வீரய்யாவின் மூத்த பிள்ளை, “மாமா, எப்பப் போவீங்க?” என்று ஆசையாகத்தான் கேட்டது.

அந்த மாதம் வீரய்யா காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டான். புதிதாக வந்திருந்த துரை, ஒழுங்காக வேலைக்கு வராதவர்களின் காம்பராவை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். இன்னும் ஒரு நாள் பேர் விழாமல் போனாலும் தன் கையில் இல்லை என்று தம்பிராசா எச்சரித்திருந்தார். அவருக்கு அது வேலையில் கடைசி வருஷம். வீரய்யா எழுந்து நடமாடத் தொடங்கிய இரண்டாம் நாள் விடியற்காலையில், நிறைமாதமாக இருந்த மீனம்மாவுக்குப் பிரசவ வலி கண்டது. வீரய்யா அவளைத் தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பெரட்டைப் பற்றி அவனுக்கு நினைப்பே இல்லை.

அழகுமுத்து கூரைச் சட்டத்தில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்தான். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டான். அன்று பனிகூட இல்லை, எல்லார் முகமும் பளிச்சென்று தெரிந்தது.

“வீரய்யா” என்றார் தம்பிராசா.

“இருக்கேங்க.”

நாடே கேட்ட குரல். கண்டாக்கு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

“கத்தி கொண்டு வந்தனியோ?”

“இருக்குதுங்க ஐயா.”

“தீட்டினதோ?”

“தீட்டிட்டேங்க.”

குறி போட்டார். “ஏழாம் நம்பர் மலை. முழுக் கணக்கும் வெட்டோணும்” என்றார்.

முழுக் கணக்கையும் வெட்டினான். ஆறு வருஷம் மைக் பிடித்த கை, மத்தியானத்துக்குள் கொப்பளித்துவிட்டது. கடைசி நிரையை முடிக்கும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மற்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். இறங்கி வந்தபோது, ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை என்று செய்தி வந்திருந்தது. அம்மாக்கண்ணு அடுப்படியில் தடவித் தடவித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் காலடிச் சத்தம் கேட்டதும், “மேலு கழுவிட்டு வாடா, செடிச்சாறு வீச்சம் குடலப் புடுங்குது” என்று கத்தினாள்.

கழுவிக்கொண்டு வந்து, அடுப்படி வாசலில் குந்தினான். நசுங்கிய தகரக் கோப்பையில் தேத்தண்ணியை நீட்டினாள் அம்மா. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வேலை விட்டு வந்ததும் அவன் குடித்த அதே கோப்பை. பூப்போட்டது அலமாரியில் இருந்தது. டிவியிலும் கனடாவிலும் கைதட்டல் கேட்டபோது வராத சந்தோஷம் அவனுக்கு அப்போது வந்தது. கொப்பளித்த கையில் சூடு பட்டு எரிந்தது. கோப்பையைக் கீழே வைக்காமல் குடித்துமுடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டான்.