பச்சை இலைக்கு இரண்டு காரணம்

போன செவ்வாய்க்கிழமை காலை மாடி வீட்டு உமா பையோடு இறங்கி வந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அக்கா, இப்பம் எழுதலாம்" என்றாள்.

இந்த மூன்று வார்த்தைக்காக ஏறக்குறைய இரண்டு மாதம் காத்திருந்தேன். காரணம் இருக்கிறது. போன தடவை அவள் 'எழுதாதீங்க' என்று சொல்லியும் எழுதினேன். அது தப்பாகப் போனது.

வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். மரச்சீனிச் செடியைப் பிடிக்கிற வைரஸ் பற்றி இதே பக்கத்தில் ஒரு கட்டுரை. மரச்சீனி என்றால் என்ன என்று இங்கே திருவனந்தபுரத்திலோ நாகர்கோவிலிலோ யாருக்கும் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக – மரவள்ளிக் கிழங்கு. 'மரச்சீனி வைரஸின் உயிர்நாடி சிக்கியது' என்று தலைப்பு. தலைப்பு ஆசிரியர் வைத்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் வைத்தது நான்தான்.

உமா நாகர்கோவில் பெண். வயது முப்பத்து மூன்று. வீட்டுக்காரர் விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறார். வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்து நாலு வருடமாக இருக்கிறார்கள். இடையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு, அது பிடிக்காமல் மறுபடியும் ஆராய்ச்சிக்கு வந்தவள். இது பி.எச்டி.யில் ஐந்தாவது வருடம். அதாவது, 'எப்ப முடியும்?' என்று சொந்தக்காரர்கள் கேட்பதைக்கூட நிறுத்திவிட்ட வருடம்.

அவள் வேலை என்ன?

அந்த வைரஸின் ஜீனோம் என்பது இரண்டு சின்ன வளையம். ஒவ்வொன்றிலும் சுமார் இரண்டாயிரத்து எழுநூறு எழுத்து. அவ்வளவுதான். என்னுடைய இந்தக் கட்டுரையில் இருக்கிற எழுத்துக்களைவிடக் குறைவு. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒரு தோட்டத்தையே மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக்கி, இலையைச் சுருட்டி, கிழங்கை விரல் தடிமனுக்கு ஆக்கிவிடுகிறது. அதில் எந்தப் பகுதி இல்லாவிட்டால் வைரஸால் பிழைக்க முடியாது, எந்தப் பகுதி சும்மா இருக்கிறது என்று வரைபடம் போடுவதுதான் உமாவின் வேலை.

எப்படிப் போடுவது? ஒரு வளையத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து நம்பர் கொடுத்துக்கொள்கிறாள். ஒரு தடவைக்கு ஒரு துண்டில் உள்ள எழுத்துக்களை மட்டும் கலைத்துக் கெடுத்துவிடுகிறாள். மற்றதெல்லாம் அப்படியே. அந்தக் கெட்ட வைரஸைச் செடியில் ஏற்றிப் பார்க்கிறாள். செடிக்கு நோய் வந்தால் அந்தத் துண்டு இல்லாமலும் வைரஸால் காலம் தள்ள முடிகிறது என்று அர்த்தம். படத்தில் வெள்ளை. நோய் வராவிட்டால் அது அத்தியாவசியமான துண்டு. படத்தில் சிவப்பு.

என் கட்டுரை நீளமாகிவிட்டால் ஆசிரியர் நடுவிலிருந்து ஒரு பாராவைத் தூக்கிவிடுவார். இதுவரை ஒரு வாசகர்கூட 'அந்தப் பாரா எங்கே?' என்று கேட்டதில்லை. உமா சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு நாள் அவளுடைய லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பின்பக்கத்தில் வலை வீடு. பூச்சி உள்ளே போகாமலிருக்க இரண்டு கதவு – ஒன்றைச் சாத்திய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும். உள்ளே தட்டுத் தட்டாகச் செடிகள். மரச்சீனி இல்லை, புகையிலைக்கு உறவான ஒரு சின்னச் செடி. அதற்குச் சீக்கிரம் நோய் பிடிக்குமாம், அதனால் இந்த வேலைக்கு வசதி. ஊசி இல்லாத சிரிஞ்சை இலையின் அடியில் வைத்து அழுத்தி வைரஸை ஏற்றுவாள். பிறகு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு தட்டில் எல்லாச் செடியும் சுருண்டு போயிருந்தது. "ஐயோ பாவம்" என்றேன்.

"அது நல்ல தட்டுக்கா. வைரஸ் ஒழுங்கா வேலை செய்யுகு" என்றாள். "இதைப் பாருங்க. பதினாலாம் நம்பர்."

பக்கத்துத் தட்டில் பன்னிரண்டு செடி. பன்னிரண்டும் பச்சைப் பசேல் என்று நிமிர்ந்து நின்றன.

பதினாலாம் துண்டு இருக்கும் இடத்தில் முக்கியமாக எதுவும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்களாம். அதைக் கெடுத்தால் வைரஸே செத்துப்போகிறது என்றால்... யாருக்கும் தெரியாத ஒரு மர்ம இடம் அகப்பட்டுவிட்டது. அவளுடைய கைடு லதா மேடம், கொல்லத்துக்காரர், பாராட்டே வாயில் வராத ஆள். அவரே 'கொள்ளாமல்லோ', நன்றாயிருக்கிறதே, என்று சொல்லியிருக்கிறார். கொச்சியில் நடக்கப்போகும் ஒரு கருத்தரங்கில் தான் பேசப்போவதில் இதைத்தான் முக்கியமாகச் சேர்த்திருந்தார்.

"எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"இப்பம் எழுதாதீங்கக்கா. இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு."

அடக்கத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நம் வீட்டுப் பெண்களின் அடக்கம் எனக்குத் தெரியாதா? அந்த வாரம் எழுத வேறு விஷயமும் இல்லை. எழுதிவிட்டேன். பேர் போடவில்லை, 'எங்கள் தெருப் பெண்' என்று மட்டும். கடைசியில் 'இனி மருந்து வெகு தூரத்தில் இல்லை' என்று ஒரு வரி வேறு. அந்த வரியை உமா சொல்லவே இல்லை. அது முழுக்க என் சொந்தச் சரக்கு.

பேப்பர் வந்த அன்று உமாவைப் படியில் பார்த்தபோது, "எழுதிட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பாராட்டு நிறைய வந்தது. தக்கலைப் பக்கத்திலிருந்து தங்கப்பன் என்று ஒரு விவசாயி, பத்திரிகை ஆபீஸில் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டார். "மேடம், அந்த மருந்து எப்பம் கிட்டும்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சீக்கிரம் வந்துடும்." ஏதோ மருந்துக்கடை வைத்திருப்பவளைப் போல.

மூன்று வாரம் கழித்து உமா எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். காபியைத் தொடவில்லை.

"பதினாலு இல்லக்கா" என்றாள்.

பாக்கி இருந்த டெஸ்ட் இதுதான். கெடுத்த துண்டை மறுபடியும் சரிசெய்து, பழையபடி எழுத்துக்களைப் போட்டு, அந்த வைரஸைச் செடியில் ஏற்ற வேண்டும். துண்டு கெட்டதால்தான் வைரஸ் செத்தது என்றால், துண்டைச் சரிசெய்ததும் வைரஸ் பிழைத்துச் செடிக்கு நோய் வர வேண்டும். வரவில்லை. சரிசெய்த பிறகும் பன்னிரண்டு செடியும் பச்சை.

"இலை பச்சையா இருக்கதுக்கு ரெண்டு காரணம் உண்டும்க்கா. நான் கெடுத்த இடம் முக்கியமா இருக்கலாம். இல்லேன்னா, எனக்குத் தெரியாம வேற எங்கயோ கெட்டிருக்கலாம்."

வளையம் முழுவதையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்திருக்கிறாள். பதினாலாம் துண்டுக்கு வெகு தூரத்தில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. லேபில் நகல் எடுக்கும்போது தானாக நேர்ந்த பிழை. அந்த எழுத்து விழுந்த இடமோ, வைரஸ் தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்ள வேண்டிய ஜீன். அது அத்தியாவசியம் என்று உலகத்துக்கே தெரியும். அதாவது, புதிதாக ஒன்றும் அகப்படவில்லை.

லதா மேடத்தின் கருத்தரங்கு அடுத்த வாரம். அவருக்கு இன்னும் தெரியாது.

இங்கே நான் செய்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "உமா, இந்த டெஸ்டை செய்யச் சொல்லி உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப அவங்க பேசிட்டு வரட்டும். வந்தப்புறம் மெதுவா சொல்லேன். ஒரு வாரம்தானே?"

உமா என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. ஆனால் அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"இருநூறு பேரு கேப்பாங்கக்கா. அதுல ரெண்டு பேரு ஊருக்குப் போயி இதை வச்சு வேலை தொடங்குவாங்க. அவுங்களுக்கு ஒரு வருஷம் போகும். எனக்கு பயமாத்தான் இருக்கு. நாளைக்கு நீங்க கூட வாரீங்களா?"

போனேன். லேபில் வராந்தா பெஞ்சில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அவள் சொல்லி முடிக்கும்வரை மேடம் குறுக்கே பேசவில்லை. அந்த நேரத்தில் என் கட்டுரையின் தலைப்பு எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் வந்தது.

பிறகு மேடத்தின் குரல். "எத்ர செடி?"

"பன்னெண்டு, மேடம்."

"பன்னெண்டும் பச்சையோ?"

"பச்சைதான்."

"சரி பண்ணி வச்சுப் பார்க்கச் சொல்லி நான் பறஞ்ஞில்லல்லோ. யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல்ல, மேடம். நானே செய்தேன்."

நாற்காலி நகரும் சத்தம். "வா, இங்ஙோட்டு வா. ஸ்லைடு மாத்தணம். சிவப்பு வேண்டா. சாம்பல் கலர் இடு. தெரியாதுன்னு எழுது."

வேறொன்றும் இல்லை. பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. உமா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். யோசனை சொல்லும் தகுதியை முந்தின நாளே இழந்துவிட்டேன் அல்லவா?

கொச்சியில் மேடம் பேசினார். படத்தில் மற்ற துண்டுகளெல்லாம் சிவப்பும் வெள்ளையும். பதினாலு மட்டும் சாம்பல். கேள்வி நேரத்தில் ஒருவர் அந்தச் சாம்பலைப் பற்றித்தான் கேட்டாராம். 'எங்கள் மாணவி தன் தப்பைத் தானே பிடித்துவிட்டாள், மறுபடியும் செய்துகொண்டிருக்கிறாள்' என்று எல்லார் முன்னாலும் சொன்னாராம் மேடம். இதை உமாவிடம் சொன்னது கூடப் போயிருந்த இன்னொரு பெண். மேடம் வாயே திறக்கவில்லை.

உமா பதினாலாம் துண்டை முதலிலிருந்து கெடுத்தாள். இந்தத் தடவை வளையம் முழுவதையும் படித்துப் பார்த்த பிறகே செடியில் ஏற்றினாள். மூன்று வாரம். பன்னிரண்டு செடியும் சுருண்டன. அந்தத் துண்டு இல்லாமலேயே வைரஸ் நன்றாகப் பிழைக்கிறது. படத்தில் வெள்ளை. தீசிஸ் நாலு மாதம் தள்ளிப்போகிறது. பழைய பதினான்கின் பிழைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதப்போகிறாளாம். இதெல்லாம் முடிந்துதான் போன செவ்வாய்க்கிழமை 'எழுதலாம்' என்றாள்.

ஆக, வாசகர்களே – மரச்சீனி வைரஸின் உயிர்நாடி எதுவும் புதிதாகச் சிக்கவில்லை. மருந்தும் வரவில்லை. நான் எழுதியது தவறு.

ஆனால் தங்கப்பன் விஷயத்துக்கு இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. லேபிலிருந்து திரும்பிய அன்று மத்தியானமே அவரைக் கூப்பிட்டேன். பத்திரிகையில் திருத்தம் எழுதுவது எளிது. முகம் தெரியாத ஆளைப் போனில் கூப்பிட்டு, 'நான் சொன்னது பொய்யாகிவிட்டது' என்பது அவ்வளவு எளிதில்லை.

எடுத்தார். சொன்னேன்.

"நீங்க எழுதினதைப் பாத்துட்டாக்கும் மேடம் நான் பழைய கம்பையே வச்சேன்" என்றார்.

மரச்சீனிக்கு விதை போடுவதில்லை; போன விளைச்சலின் தண்டை வெட்டித்தான் நடுவார்கள். அதைத்தான் கம்பு என்றார். நோய் பிடித்த செடியின் கம்பை நட்டால் புதுச் செடிக்கும் நோய் கூடவே வரும். அது அவருக்குத் தெரியாததல்ல. மருந்துதான் வரப்போகிறதே என்று, வேறு இடத்தில் நல்ல கம்பு தேடாமல், நோய்த் தோட்டத்துக் கம்பையே எடுத்து வைத்திருக்கிறார்.

"நட்டாச்சா?"

"பாதி நட்டாச்சு."

பக்கத்தில் இருந்த உமா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். நட்டதைப் பிடுங்கிவிட வேண்டும், மிச்சக் கம்பை அங்கே போட்டு வைக்கக் கூடாது, இலையில் திட்டு இல்லாத செடியாகப் பார்த்து யார் தோட்டத்திலிருந்து எடுக்கலாம் – எல்லாம் நிதானமாகப் பேசினாள். 'மருந்து இப்பம் இல்ல, எப்பம் வரும்னும் எனக்குத் தெரியாது' என்பதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். அவர் மச்சினன் தோட்டம் சுத்தமாக இருக்கிறதாம். அங்கிருந்து எடுப்பதாகச் சொன்னார். பின்னால் விசாரித்தேன், எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒரு மாதம் பிந்தி, புதுக் கம்பு நட்டிருக்கிறார். முளைத்திருக்கிறது.

அன்றைக்கு உமா போனை என்னிடம் திருப்பித் தந்தபோது அவர் இன்னும் லைனில் இருந்தார்.

"மேடம், இது தப்புன்னு கண்டுபிடிச்சது யாரு?"

"இப்ப உங்ககிட்ட பேசினாளே, அவளேதான்."

"அவளே கண்டுபிடிச்சு அவளே சொன்னாளா?"

"ஆமா."

"அப்பம் சரி. இனிமே அந்தப் பிள்ளை மருந்து உண்டும்னு சொன்னா நான் நம்புவேன்."

என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.