ஜெசிந்தா சொன்னாள்

நான் பொய் சொன்னேன். அதில் ஒரு பெண்ணின் படிப்பு போயிற்று.

குமுளி மலையில், ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டராக இருக்கிறேன். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன் என்று பெயர். மருந்து தீர்ந்துபோன நாட்களில் சிரிப்பைத்தான் கொடுத்து அனுப்புவேன்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பின் பயிற்சிக்காக என்னிடம் வந்தவள் ஜெசிந்தா; தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். நோயாளியை முதலில் அவள் பார்ப்பாள், என்னிடம் வாயால் சொல்வாள். நான் சரி என்ற பிறகே நோட்டில் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது... எவ்வளவு சுத்தமான மனிதன் பாருங்கள்!

அன்று ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் மரியம்மா வந்தாள். நெஞ்சு கரிக்கிறது, வியர்க்கிறது என்றாள்.

"சார், தாடையும் இழுக்குதாம். ஈசிஜி எடுத்துப் பாத்துருவமா?" என்றாள் ஜெசிந்தா.

நான் மரியம்மாவின் பக்கம் திரும்பினேன். "ஏலக்காட்டுலயே கெடந்தும் வாயு தீரலயா ஒனக்கு?"

வரிசையே சிரித்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு மரியம்மாவும் சிரித்தாள். ஜெசிந்தா இன்னொரு முறை சொன்னாள். நான் வாயு மாத்திரை எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு முறையும் எனக்கு நன்றாகக் கேட்டது.

மாலையில் மரியம்மா இறந்துபோனாள். மாரடைப்பு.

விசாரணையில் ஒரே கேள்விதான். தாடைவலியை மாணவி உங்களிடம் சொன்னாளா? நோட்டில் அது இல்லை. என் சட்டம் அதை எழுத விடவில்லையே! 'சொல்லவில்லை' என்றேன். பயமா? ஆம்... ஆனால் பயம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கென்ன உரிமை?

அவளுடைய பயிற்சியை ரத்து செய்தார்கள். அவள் வாதாடக்கூட இல்லையாம்.

சென்ற மாதம் குமுளியில் ஒரு ஜவுளிக்கடையில் சட்டை கேட்டேன். எடுத்துப் போட்டவள் அவள்தான். திரும்பி ஓடியிருக்க வேண்டும்; அளவு சொன்னேன்.

"கோவமெல்லாம் இல்ல சார்," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் மெதுவாச் சொல்லிட்டனோ? ஒங்க காதுல விழலயோ? கொஞ்சம் சத்தமாச் சொல்லிருந்தா மரியம்மாக்கா இருந்திருப்பாங்கன்னு..."

'கேட்டது' என்ற ஒரு சொல் போதும். அது என் வாயில்தான் இருந்தது...

"இருக்கலாம்மா," என்றேன்.

"அப்படித்தான் சார் இருக்கும்," என்றாள், சட்டையை மடித்தபடி.

இதை உங்களிடம் சொல்வது எளிது. நீங்கள் ஜெசிந்தா இல்லை.

குமுளி இங்கிருந்து ஜீப்பில் அரைமணி தூரம். அந்தக் கடைக்கு நான் இன்னும் திரும்பப் போகவில்லை.